ஸ்வீடன் தொடர்கள்: கொலை கடல் தாண்டுகிறது, சிரிப்பு ஏன் கரையிலேயே நின்றுவிடுகிறது?

கேள்வி இது: “‘தி பிரிட்ஜ்’ நான்கு சீசனும் பார்த்தாயிற்று. ஸ்வீடனில் வேறு என்ன பார்க்கலாம், எந்த வரிசையில்? அவர்கள் நகைச்சுவைத் தொடரே எடுப்பதில்லையா, இல்லை நம் கண்ணில்தான் படுவதில்லையா?”

எடுக்கிறார்கள், நிறையவே எடுக்கிறார்கள். ஆனால் அந்தத் தொடர்களுக்குப் பணம் வருவது உள்ளூரிலிருந்து, சிரிப்பதும் உள்ளூர்க்காரர்கள். துப்பறியும் தொடருக்கு ஜெர்மனியும் டென்மார்க்கும் நார்வேயும் முன்பணம் போடுகின்றன. யார் பணம் போடுகிறார்கள் என்பதுதான் எபிசோடின் நீளம், பாத்திரங்கள் பேசும் வழக்கு, படப்பிடிப்பு ஊர் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எதை எடுப்பது, எதை விடுவது என்பது பாதி தெளிந்துவிடும்.

முதலில் சேனல்கள். ஸ்வீடனில் முறையான ஒளிபரப்பு 1956-ல் தொடங்கியது. இரண்டாவது சேனல் 1969 டிசம்பரில் வந்தது. இரண்டுமே பொது ஒளிபரப்பு, விளம்பரம் கிடையாது. உள்நாட்டில் விளம்பரச் சேனலுக்கு அனுமதி இல்லாததால், டிவி3 என்ற தனியார் சேனல் 1987-ன் கடைசி நாளில் லண்டனிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஸ்வீடனுக்குள் நுழைந்தது. சட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்த அந்தச் சேனலுக்குப் பிறகுதான் கதவு திறந்தது. டிவி4 1990-ல் செயற்கைக்கோளில் தொடங்கி, 1992-ல் தரைவழி ஒளிபரப்புக்கு வந்தது. பொது ஒளிபரப்பான எஸ்விடி 2018 வரை வீட்டுக்கு வீடு உரிமக் கட்டணம் வசூலித்து நடந்தது. 2019 முதல் அது தனிநபர் வரியோடு சேர்ந்துவிட்டது: வருமானத்தில் 1 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு. நாட்டின் மக்கள்தொகையே ஒரு கோடியைச் சற்றுத் தாண்டும். அந்தச் சின்னச் சந்தையை மட்டும் நம்பி, மணிக்கணக்கில் வெளிப்புறப் படப்பிடிப்பு உள்ள தொடரை எடுத்துப் போட்ட காசைத் திரும்ப எடுக்க முடியாது. கூட்டுத் தயாரிப்பு அங்கே பிழைப்பு வழி.

அதன் உச்சம்தான் நீங்கள் பார்த்த ‘தி பிரிட்ஜ்’. 2011 முதல் 2018 வரை, 10, 10, 10, 8 என்று மொத்தம் 38 எபிசோடுகள். ஸ்வீடனின் எஸ்விடியும் டென்மார்க்கின் டிஆரும் சேர்ந்து எடுத்தன. ஜெர்மன் சேனலான இசட்டிஎஃப் பணம் போட்டது. முதன்மை எழுத்தாளர் ஹான்ஸ் ரூசன்ஃபெல்ட். மால்மோவையும் கோபன்ஹேகனையும் இணைக்கும் ஓரெசுந்த் பாலத்தில், எல்லைக்கோட்டின் மேல் ஒரு சடலம். தூக்கிப் பார்த்தால் அது இரண்டு பெண்களின் பாதிப் பாதி. மேல்பாதி ஸ்வீடன் அரசியல்வாதி, கீழ்ப்பாதி கோபன்ஹேகனைச் சேர்ந்த பாலியல் தொழிலாளி. ஆகவே இரண்டு நாட்டுக் காவல்துறையும் வந்தே ஆகவேண்டும். கூட்டுத் தயாரிப்பில் வழக்கமாக வரும் தலைவலி, இன்னொரு நாட்டு நடிகரைக் கதைக்குள் எப்படித் திணிப்பது என்பது. இங்கே அந்தத் தலைவலியையே கதையாக்கிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் இருந்த எல்லையைத் திரைக்கதையில் போட்டதுதான் இந்தத் தொடரின் சாமர்த்தியம் என்பேன்.

அதனால்தான் அச்சு அசலாக வேறு எல்லைகளுக்கு நகர்த்தவும் முடிந்தது. அமெரிக்கா–மெக்சிகோ வடிவமும், பாலத்துக்குப் பதில் கால்வாய்ச் சுரங்கத்தை வைத்த பிரிட்டன்–பிரான்ஸ் வடிவமும் 2013-ல் வந்தன. ரஷ்யா–எஸ்டோனியா, மலேசியா–சிங்கப்பூர் வடிவங்கள் 2018-லும், ஜெர்மனி–ஆஸ்திரியா வடிவம் அதற்கடுத்தும் வந்தன. ஜோகூருக்கும் சிங்கப்பூருக்கும் தினமும் போய்வருகிற தமிழர்களுக்கு அந்த மலேசிய வடிவம் தனிச் சுவை தரும்.

ஆனால் மூலத்தில் உங்களுக்கு ஒரு விஷயம் தவறியிருக்கும். டேனிஷ் நடிகர்கள் டேனிஷிலும் ஸ்வீடிஷ் நடிகர்கள் ஸ்வீடிஷிலும் பேசுகிறார்கள், மொழி மாற்றிக்கொள்வதில்லை. ஸ்வீடனில் ஒளிபரப்பியபோது டேனிஷ் வசனத்துக்கு மட்டும் எழுத்து வந்தது, டென்மார்க்கில் ஸ்வீடிஷ் வசனத்துக்கு. ஆங்கில சப்டைட்டிலில் இரண்டும் ஒரே வரியாகத் தட்டையாகிவிடும். காது கொடுத்தால் பிரித்துவிடலாம். ஸ்வீடிஷ் சொற்கள் ஏறி இறங்கி இராகமாக வரும். டேனிஷில் மெய்யெழுத்துகள் பாதி தொண்டைக்குள்ளேயே போய்விடும். ஸ்வீடன் துப்பறிவாளர் சாகா நூரேனின் நேரடித்தன்மையும் டேனிஷ் துப்பறிவாளர் மார்ட்டின் ரூதேயின் சமாளிப்பும் அந்த ஒலி வேற்றுமையோடு சேரும்போதுதான் முழுதாகத் தெரியும். மார்ட்டினாக நடித்த கிம் போட்னியா இரண்டாம் சீசனோடு விலகினார். மூன்றாவதிலிருந்து தொடர் வேறு தாளத்துக்குப் போவதற்கு அது முக்கியக் காரணம்.

இன்னொன்றும் கவனியுங்கள். மால்மோ இருக்கும் ஸ்கோனே மாகாணத்துப் பேச்சு, ஸ்வீடனிலேயே கேலிக்கு ஆளாகும் அளவுக்குத் தனித்த வழக்கு. ஆனால் சாகா பேசுவது அந்த வழக்கு இல்லை. அதே மாகாணத்து ஈஸ்டாட் ஊரில் நடக்கும் வாலண்டர் துப்பறியும் படங்களிலும் நாயகன் ஸ்கோனே வழக்கில் பேசுவதில்லை. வெளியூர் போகும் தொடரில் வட்டார வழக்கை இழைத்து மழமழப்பாக்கிவிடுகிறார்கள். நகைச்சுவையில் இதற்கு நேர் எதிர் நடக்கும். அங்கே பிறகு வருகிறேன்.

வாலண்டர் என்றதும் எல்லோரும் குழம்பும் இடம் இது. ஒரே கதாபாத்திரத்துக்கு மூன்று முக்கிய வரிசைகள் உண்டு. ரோல்ஃப் லாஸ்கோர்ட் நடித்தவை ஒன்பது, 1994 முதல் 2007 வரை. ஹென்னிங் மான்கெலின் நாவல்களை நெருங்கிப் பின்தொடர்பவை இவைதான். க்ரிஸ்டர் ஹென்ரிக்சன் நடித்தவை 32, 2005 முதல் 2013 வரை. இவற்றில் பெரும்பாலானவை படத்துக்கென்றே எழுதிய புதிய கதைகள். கென்னத் பிரானா நடித்தவை 12, பிபிசிக்காக ஈஸ்டாடிலேயே எடுத்தவை, பேச்சு மட்டும் ஆங்கிலம். தேடுபொறியில் “வாலண்டர் சீசன் 1” என்று போட்டால் மூன்றும் கலந்து வரும். நடிகரின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். நெட்ஃபிளிக்ஸின் ‘யங் வாலண்டர்’ வேறு கணக்கு. அது மால்மோ கதை, படமாக்கியது லித்துவேனியாவில்.

இந்தப் படங்கள் ஏன் எல்லாமே ஒன்றரை மணி நேரம்? வியாபாரம்தான். வாலண்டரும் மார்ட்டின் பெக் என்ற இன்னொரு துப்பறியும் வரிசையும் கட்டுக்கட்டாக ஒரே மூச்சில் தயாரானவை. ஹென்ரிக்சன் வரிசையில் 13, 13, 6 என்று மூன்று கட்டு. கட்டில் ஒன்றிரண்டு திரையரங்குக்குப் போகும், மீதி நேராக டிவிடி கடைக்கு, பிறகு தொலைக்காட்சிக்கு. 90 நிமிடம் என்பது ஜெர்மன் சேனல்களின் துப்பறியும் நேரத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தும் அளவு. ஒரே குழு, ஒரே காவல்நிலைய செட், அடுத்தடுத்துப் படங்கள் என்பதால் செலவு குறையும். இதில் கெட்டுப்போவது கதை. பத்துப் பன்னிரண்டு எழுத்தாளர்கள் பிரித்துக்கொண்டு எழுதும்போது நாயகனின் குடும்ப வாழ்க்கை ஒரு படத்தில் முன்னேறி அடுத்த படத்தில் மறந்துபோகும். பெக் வரிசையில் பீட்டர் ஹாபர் 1997-லிருந்து நடிக்கிறார். ஷூவால்–வாலூ ஜோடி எழுதிய நாவல்கள் பத்துதான். படங்கள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கதையைப் புதிதாகப் பின்னின. நாவலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

அந்த மங்கிய நீலச் சாம்பல் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பாதி கலைத் தேர்வு, பாதி பஞ்சாங்கம். ஸ்டாக்ஹோமில் டிசம்பரில் பகல் ஏறக்குறைய ஆறு மணி நேரம். சூரியன் அடிவானத்தைவிட்டு அதிகம் மேலே ஏறாது. வெளிப்புறக் காட்சிக்கு வெளிச்சம் சீக்கிரம் தீரும், ஆனால் கிடைக்கும் வெளிச்சம் முழுக்க ஒரே மாதிரி மென்மையாக இருக்கும், காட்சிகள் ஒட்டும். ஜூனில் பகல் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். ஆனால் இரவுக் காட்சி எடுக்க இருட்டே கிடைக்காது. ஜூலையில் நாடே விடுமுறைக்குப் போய்விடும். ஆகவே இரவும் கொலையும் உள்ள தொடர் இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் தள்ளப்படுவது இயல்பு. பிறகு அதற்கு ‘நார்டிக் நுவார்’, அதாவது வட ஐரோப்பிய இருண்ட துப்பறியும் கதை, என்று பெயர் வைத்து விற்றார்கள்.

இனி பெர்க்மன். அவரைத் திரைப்பட இயக்குநராக மட்டும் வைத்துப் பேசுவது வழக்கம். ஆனால் 1973-ல் வந்த ‘ஒரு மண வாழ்க்கையின் காட்சிகள்’ தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பட்ட ஆறு எபிசோடு தொடர். 16 மில்லிமீட்டர் ஃபிலிம், ஒளிப்பதிவு ஸ்வென் நிக்விஸ்ட், சின்னக் குழு, பெரும்பாலும் இரண்டே முகங்கள்: லிவ் உல்மன், எர்லாண்ட் யூசெப்சன். அன்றைய சின்னத்திரை அளவுக்கு முகத்தை அருகில் வைத்தே படமாக்கினார்கள், செட்டுக்குச் செலவழிக்கவில்லை. பிறகு வெளிநாட்டுத் திரையரங்குகளுக்காக அதையே வெட்டி, 35 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, மூன்று மணி நேரத்துக்குள் அடக்கிய வடிவம் வந்தது. அதைத்தான் உலகம் பார்த்தது. தயவுசெய்து அந்த வடிவத்தில் தொடங்காதீர்கள். சண்டைகள் அடுத்தடுத்து மோதி, ஏதோ கூச்சல் படம்போல ஆகிவிடும். தொடரில் சண்டைக்கு முன்னால் அந்தத் தம்பதி எதையும் பேசாமல் மழுப்பும் நேரம் இருக்கிறது. அதுதான் உயிர்.

இந்தத் தொடரால் ஸ்வீடனில் விவாகரத்து கூடியது என்று ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1974-ல் விவாகரத்து எகிறியது உண்மை. ஆனால் அந்த ஆண்டு ஜனவரி 1-ம் தேதிதான் மணமுறிவை எளிதாக்கிய புதிய சட்டம் அமலுக்கு வந்தது. காத்திருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள், பெர்க்மன் தலையில் பழி விழுந்தது. அவரது ‘ஃபானியும் அலெக்சாண்டரும்’ படத்துக்கும் இதே அறிவுரை: நான்கு ஆஸ்கர் வாங்கிய 188 நிமிட வடிவம் ஒரு சுருக்கம், தொலைக்காட்சி வடிவம் 312 நிமிடம். பேய்களும் நாடகக் கொட்டகையும் அதில்தான் மூச்சு விடுகின்றன.

சரி, நகைச்சுவைக்கு வருவோம்.

முதலில் ‘அல்பெர்ட்டும் ஹெர்பெர்ட்டும்’. 1970-களில் தொடங்கியது. மூலம் பிரிட்டனின் ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’. பழைய சாமான் வியாபாரம் செய்யும் அப்பாவும் மகனும். வாங்கிய கதையை கோத்தன்பர்க் நகரின் ஹாகா பகுதியில், ஸ்கூல்காத்தன் 15-ம் எண் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். கீழ்த்தளம் கல், மேல் இரண்டு தளம் மரம் என்று கட்டிய தொழிலாளர் வீடுகள் நிறைந்த, இடிபடக் காத்திருந்த பகுதி அது. அப்பாவாக நடித்த ஸ்டென்-ஓக்கே செடர்ஹொக்கும் மகனாக நடித்த தோமாஸ் வான் பிரொம்சனும் பேசியது அசல் கோத்தன்பர்க் வழக்கு. அந்த ஊருக்கே உரிய சிலேடைப் பேச்சு. மூலம் ஆங்கிலம் என்பதே பலருக்கு மறந்துபோனது. இதைத் திரும்ப ஆங்கில சப்டைட்டிலுக்குக் கொண்டுபோனால் என்ன மிஞ்சும்? இரண்டு ஏழைகள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வது மிஞ்சும். சிரிப்பு வழக்கில் இருந்தது. வழக்கு எழுத்தில் இறங்காது.

1994-ல் வந்த ‘ஸ்வென்சன், ஸ்வென்சன்’ இன்னொரு வகை. ஸ்வென்சன் என்பது சராசரி ஸ்வீடன்காரரைக் குறிக்கும் பெயர், நம் பேச்சில் ‘சாமானியன்’ மாதிரி. கணவர் தபால்காரர், மனைவி வங்கியில் உயர் பதவி. கணவராக நடித்தவரின் உண்மைப் பெயரும் ஸ்வென்சன்தான், ஆலன் ஸ்வென்சன். சமத்துவம் பேசும் நாட்டில் வீட்டுக்குள் யார் தோசைக்கரண்டி பிடிப்பது என்பதுதான் சண்டை. இது நமக்குப் புரியும், ஆனால் பிரிட்டிஷ் பாணிச் சிட்காம் தாளம் என்பதால் இன்று கொஞ்சம் பழசாகத் தெரியும்.

தலைமுறையை மாற்றியவர்கள் கில்லிங் என்ற நகைச்சுவைக் குழுவினர். 1995-ல் வந்த ‘நைல்சிட்டி 105.6’ ஒரு கற்பனை வானொலி நிலையத்தின் கூத்து. ஹென்ரிக் ஷிஃபெர்ட், ராபர்ட் குஸ்தாவ்சன், யூஹான் ரேபோரி எல்லாரும் அங்கிருந்து வந்தவர்கள். அவர்களோடு இருந்த இயக்குநர் தோமாஸ் ஆல்ஃபிரெட்சன்தான் பின்னர் 2008-ல் ‘லெட் தி ரைட் ஒன் இன்’ இயக்கினார். அந்தப் படத்தில் மௌனத்தை இவ்வளவு நேரம் எப்படி இழுக்கிறார் என்று வியப்பவர்கள், அவர் நகைச்சுவையில் நேரம் பிடிக்கக் கற்றவர் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது பார்க்கத் தகுந்தது ‘சூல்சீடன்’. டிவி4-ல் 2010-ல் தொடங்கியது. உருவாக்கியவர்களில் ஒருவரும் நாயகனும் ஃபெலிக்ஸ் ஹெர்ன்கிரென். பெயருக்கு ‘வெயில் பக்கம்’ என்று பொருள். ஸ்டாக்ஹோமுக்குத் தென்கிழக்கே சால்ட்ஷோபாடன் என்ற பணக்காரக் கடலோரப் புறநகரில் உள்ள பகுதி. பல் மருத்துவர் அலெக்ஸ், மனைவி அன்னாவோடு தான் வளர்ந்த வீட்டுக்குக் குடிவருகிறார். பக்கத்தில் பணக்காரச் சிநேகிதன் ஃபிரெட்டே, அவன் மனைவி மிக்கான். எல்லாருக்கும் மேலே ஓவே சுந்த்பெரி, ஹென்ரிக் டோர்சின் நடித்த கஞ்சப் பிரபு. நம் கண்ணுக்கு ஓவே வெறும் கருமி. ஸ்வீடன்காரர் கண்ணுக்கு அவன் இன்னும் சங்கடமானவன். யாருக்கும் கடன்படாமல், செலவைச் சரிபாதியாகப் பிரித்து, விதிப்படி வாழ்வது அங்கே நல்ல பண்பு. அந்தப் பண்பையே கடைசிக் காசு வரை இழுத்தால் எப்படியிருக்கும் என்பதுதான் ஓவே. விளையாட வந்த பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சாப்பாடு போடாத வழக்கம் பற்றி 2022-ல் இணையமே கொதித்ததே, அந்தச் சர்ச்சை நினைவிருந்தால் ஓவே சட்டென்று பிடிபடுவான். இந்தப் பாத்திரம் எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்றால், ‘தி ஆபீஸ்’ தொடரின் ஸ்வீடன் வடிவத்தை 2012-ல் எடுத்தபோது அதன் மேலாளராக ஓவேயையே தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

நகைச்சுவையை வெளியே கொண்டுபோக நேரடி முயற்சியும் நடந்தது. 2014-ல் வந்த ‘வெல்கம் டு ஸ்வீடன்’ தொடரில் ஓர் அமெரிக்கர் காதலியோடு ஸ்டாக்ஹோமுக்குக் குடியேறுகிறார். பாதி ஆங்கிலம், பாதி ஸ்வீடிஷ். டிவி4-ல் போன பிறகு அமெரிக்காவின் என்பிசியிலும் வந்தது. இரண்டாம் சீசனை என்பிசி பாதியிலேயே நிறுத்தியது. ஊரை விளக்கிக்கொண்டே சிரிக்க வைப்பது, இரண்டு வேலையையும் அரைகுறையாக்கும். ஆனால் புதிதாக நுழைபவருக்கு அந்த விளக்கமே உதவும் என்பதால் நான் அதை ஒதுக்கமாட்டேன்.

தனியாகச் சொல்லவேண்டியது டிசம்பர் நாட்காட்டித் தொடர். டிசம்பர் 1 முதல் 24 வரை, நாளுக்கு ஒரு எபிசோட், சுமார் 15 நிமிடம். 24-ம் தேதி மாலைதான் அங்கே கிறிஸ்துமஸ் என்பதால் 25-வது கிடையாது. கடையில் காகித நாட்காட்டி விற்கும். தொடர் பார்த்துக்கொண்டே குழந்தைகள் அன்றைய சின்னக் கதவைத் திறப்பார்கள். வானொலியில் 1957-ல் தொடங்கி 1960-ல் தொலைக்காட்சிக்கு வந்த பழக்கம். 24 பெருக்கல் 15 என்றால் ஆறு மணி நேரக் கதை. மூன்று திரைப்பட நீளம். நாளுக்கு ஒரு முடிச்சு, ஒரு சிரிப்பு, நாளைக்கு ஒரு கொக்கி என்று எழுதவேண்டும். பெரும்பாலும் நடு வாரத்தில், 12-லிருந்து 18 வரை, கதை ஒரே இடத்தில் சுற்றும். முடிவை 24-க்குள் வைத்தே ஆகவேண்டிய கட்டாயத்தால் வரும் வீக்கம் அது. குழந்தை நடிகர்களின் வேலை நேரத்துக்குச் சட்ட வரம்பு வேறு. ‘சூனேயின் கிறிஸ்துமஸ்’, 1991, இன்றும் நிற்கும் ஒன்று. ‘கிரேவெஹொல்ம் மர்மம்’, 1996, இன்னொன்று.

நெடுந்தொடரும் உண்டு. பயணிகள் கப்பல் முதலாளிக் குடும்பத்தைச் சுற்றிய ‘ரேடெரியெட்’ 1992 முதல் 2002 வரை 318 எபிசோட். நம் மெகா தொடர்களோடு ஒப்பிட்டால் குழந்தை.

ஸ்ட்ரீமிங் வந்தபின் படம் மாறியது. நெட்ஃபிளிக்ஸின் முதல் ஸ்வீடன் தொடர் ‘குயிக்சேண்ட்’, 2019, ஆறு எபிசோட். 2020-ல் வந்த ‘லவ் அண்ட் அனார்கி’ எல்லை தாண்டிய அபூர்வ நகைச்சுவை. ஸ்டாக்ஹோம் பதிப்பகம் ஒன்றில் ஆலோசகராக வரும் சோஃபியும் தற்காலிகக் கணினி உதவியாளன் மாக்ஸும் ஒருவருக்கொருவர் விடும் சவால்கள். பணம் வெளியிலிருந்து, களம் எந்த ஊரிலும் இருக்கும் அலுவலகம். முதலில் சொன்ன கணக்கு இங்கே நேராகப் பொருந்துகிறது. எஸ்விடி தன் பக்கம் 2020-ல் ‘காலிஃபாத்’ எடுத்தது, எட்டு எபிசோட். சிரியாவின் ராக்கா நகரக் காட்சிகளை ஜோர்டானில் படமாக்கினார்கள். இடையில் பக்கத்து நாடுகள் தயாரிப்புச் செலவில் தள்ளுபடி கொடுத்து ஸ்வீடன் கதைகளையே இழுத்துக்கொண்டதால், 2022-ல் ஸ்வீடனும் 25 சதவீதம் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தை ஆண்டுக்கு 10 கோடி குரோனா ஒதுக்கித் தொடங்கியது. அதே 2022-ல் எச்பிஓ மேக்ஸ் நார்டிக் தயாரிப்புகளை நிறுத்தியது, அடுத்த ஆண்டு வியாபிளே என்ற நார்டிக் ஸ்ட்ரீமிங் நிறுவனம் தள்ளாடியது. ஒரு கை கொடுக்க, மறு கை எடுத்த கதை.

வரிசை கேட்டீர்கள். ‘தி பிரிட்ஜ்’ முடித்தவர் அடுத்து ‘காலிஃபாத்’ பாருங்கள். அடுத்து ‘ரியல் ஹியூமன்ஸ்’, 2012 முதல் 2014 வரை, 20 எபிசோட்; மனித உருவ இயந்திரங்களைச் சாதாரணப் புறநகர் வீட்டில் வேலைக்கு வைத்த கதை, பின்னர் பிரிட்டனில் மறுஆக்கம் ஆனது. முடிவு முழுமையாக இருக்காது, இரண்டு சீசனோடு நின்றுவிட்டது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். பிறகு ‘லவ் அண்ட் அனார்கி’, அதன் பின்னால் ‘சூல்சீடன்’. சூல்சீடனின் முதல் இரண்டு எபிசோடில் சிரிப்பு வராவிட்டால் விட்டுவிடாதீர்கள். ஓவே பழகவேண்டிய ஆள்.

நெட்ஃபிளிக்ஸில் ஒலி தானாகவே ஆங்கில டப்பிங்குக்குப் போயிருக்கலாம். ஆடியோவை ஸ்வீடிஷுக்கு மாற்றுங்கள். சப்டைட்டில் பட்டியலில் காது கேளாதோருக்கான வடிவம் தனியாக இருந்தால், அது ஆங்கில டப்பிங்கை ஒட்டி எழுதியதாக இருக்கக்கூடும். சாதாரண ஆங்கில சப்டைட்டிலைத் தேர்ந்தெடுங்கள். எஸ்விடியின் சொந்தத் தளம் இலவசம்தான், ஆனால் நாடகத் தொடர்களில் பெரும்பாலானவை நாட்டுக்கு வெளியே ஓடாது.

கடைசியாகப் பெர்க்மன் தொடர். நாளுக்கு ஒரு எபிசோட் போதும், ஆறு நாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் பெர்க்மன் வாழ்ந்த ஃபோரோ தீவின் காட்சிகள் ஓட, நடித்தவர்கள் பெயரை பெர்க்மனே தன் குரலில் வாசிப்பார். தளங்கள் அந்த இடத்தில்தான் ‘அடுத்த எபிசோட்’ பொத்தானை நீட்டும். அழுத்தாதீர்கள்.